சிக்கன் பழ சாலட் சொதப்பினால் எங்கே பார்ப்பது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு ராத்திரி சோறு கிடையாது. கோழியும் பழமும் போட்ட சாலட்தான் சாப்பாடு. முதல் நாள் வீட்டுக்காரர் தட்டைக் காலி செய்துவிட்டு, "சரி, சோறு எப்ப வரும்?" என்று உட்கார்ந்தே இருந்தார். இப்போது அவரே வெள்ளரிக்காய் நறுக்குகிறார். நடுவில் இந்த சாலட் எத்தனை விதமாகக் கெடுமோ அத்தனை விதமாகவும் என் கையில் கெட்டிருக்கிறது. என்னைப் பார்த்துத் தொடங்கிய நாத்தனார் கொடுங்கையூரிலிருந்து வீடியோ காலில் கிண்ணத்தைக் காட்டி, "அண்ணி, இது ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்பாள். எண்ணூரில் வேலை பார்க்கும் தம்பி டிபன் பாக்ஸைப் படம் எடுத்து அனுப்புவான். கேள்விகள் ஒன்பதுதான், திரும்பத் திரும்ப அவையே வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் கிண்ணத்தில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

அதற்கு முன் என் அளவு, இரண்டு பேருக்கு: எலும்பில்லாத நெஞ்சுக்கறி 300 கிராம், நறுக்கிய பழம் ஒன்றரை கப், வெள்ளரிக்காய் ஒன்று, பெரிய வெங்காயம் பாதி, மெல்லிசாகச் சீவிய முட்டைகோஸ் இரண்டு கைப்பிடி, எலுமிச்சம்பழம் ஒன்று, ஆறு பல் பூண்டைச் சீவிப் பொரித்த எண்ணெய் இரண்டு ஸ்பூன், வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, உப்பு, மிளகுத்தூள், கொத்தமல்லி. அரை மணி நேர வேலை.

பூண்டு எண்ணெய் அத்தோ கடையில் பார்த்துக் கற்றது. பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. பீச் ஸ்டேஷன் பக்கம் அந்தக் கடைகளில் நின்றவர்களுக்குத் தெரியும்: நூடுல்ஸ் ஒரு பக்கம், கோஸ் ஒரு பக்கம், பொரித்த வெங்காயம் ஒரு பக்கம், புளித்தண்ணீர் தனியே. நாம் கேட்ட பிறகுதான் எல்லாம் கிண்ணத்தில் விழும். கையால் நாலு பிசை, தட்டில் வந்துவிடும். யாரும் காலையிலேயே பிசைந்து வைப்பதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மருந்து அதுதான்.

1. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறது

அதிகமாக வரும் புகார் இது. முதலில் ஒரே ஒரு கேள்வி: உப்பு போட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று?

*பத்து நிமிடத்துக்கு மேல் என்றால்*

வேறெதையும் தேட வேண்டாம். உப்பு பட்டதும் வெள்ளரியும் மாம்பழமும் தண்ணீர் விடத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் நாலு வெள்ளரித் துண்டில் உப்பு தூவி ஒரு தட்டில் வைத்துவிட்டுக் கோழியைப் பாருங்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு துண்டின் மேலும் வியர்வை மாதிரி முத்து முத்தாக நிற்கும், தட்டின் ஓரத்தில் சின்னதாக ஓடவும் தொடங்கியிருக்கும். ஆக, உப்பும் எலுமிச்சையும் தட்டு வைத்த பிறகுதான். வீட்டில் ஒருவர் தாமதமாக வருவார் என்றால் அவர் பங்கை உப்பில்லாமல் தனியே வைத்துவிடுங்கள்.

*உடனே சாப்பிட்டும் தண்ணீர் என்றால்*

கழுவிய தண்ணீர் காயில் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கோஸ்தான் பெரிய திருடன், மடிப்புக்குள் தண்ணீரை ஒளித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டியில் போட்டு நாலு உதறு உதறிவிட்டு, சுத்தமான வேட்டித் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டு ஒருமுறை சுழற்றினால் தீர்ந்தது. துணி நனைந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே நம்பிக்கை வரும்.

அடுத்தது வெள்ளரியின் நடு. முற்றிய காயில் விதைப் பகுதி கூழாக இருக்கும். நீளவாக்கில் பிளந்து ஸ்பூனால் ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். பிஞ்சுக்காய் என்றால் தேவையில்லை.

அடுத்தது கோழியின் சூடு. கல்லிலிருந்து எடுத்த கையோடு பழத்தின் மேல் கொட்டினால், கோஸ் வதங்கும், பழம் குழையும், கோழியின் சாறும் அடியில் இறங்கும். பத்து நிமிடம் தட்டில் இருக்கட்டும்.

*இவை எல்லாம் சரி, இன்னும் தண்ணீர் என்றால்*

பழத்தை மாற்றுங்கள். தர்பூசணி இதற்கு ஆகாது, தனியே சாப்பிடுங்கள். மாம்பழத்தில் பழுத்துக் குழைந்ததும் வேண்டாம், செங்காயாக இருக்க வேண்டும். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுக்கணும், உள்ளே போய்விடக் கூடாது. பங்கனப்பள்ளி செங்காய் துண்டாக நிற்கும். சீசன் கடைசியில் வரும் ருமானி சாறு அதிகம், அதைப் போட்டால் அன்றைக்குக் கிண்ணத்தில் குளம்தான். கொய்யா, ஆப்பிள், மாதுளை மூன்றும் எந்த வம்பும் செய்யாதவை.

ஏற்கெனவே தண்ணீர் நின்றுவிட்டதா? கிண்ணத்தைச் சாய்த்து அதை ஒரு டம்ளரில் வடியுங்கள், கொட்டிவிட வேண்டாம். கோழிச் சாறும் எலுமிச்சையும் பூண்டும் அதில்தான் இருக்கின்றன. பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் கெட்டியாகும். திரும்ப சாலட் மேல் ஊற்றிப் பிசையுங்கள். இதற்காகவே சில நாள் வேண்டுமென்றே தண்ணீர் விட வைக்கலாமா என்று தோன்றும்.

2. கோழி வறண்டு நார் நாராக இருக்கிறது

பிராய்லர் நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, குழம்பு மாதிரி காப்பாற்ற மசாலாவும் கிடையாது. இரண்டு நிமிடம் கூடினாலே வறண்டுவிடும்.

*ஓரம் வறண்டு நடு சரியாக இருந்தால்*

துண்டு ஒரே கனமாக இல்லை. நெஞ்சுக்கறி ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்துதான் வரும். கடையிலேயே சொல்லிவிடலாம். எங்கள் தெருக் கடைக்கார பாயிடம், "பாய், நடுவுல பொளந்து புக்கு மாதிரி திறந்து குடுங்க" என்றால் போதும், ஒரே வெட்டில் முடித்துவிடுவார். வீட்டில் என்றால் ஒரு கவருக்குள் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டுங்கள். ஒன்றரை, இரண்டு செண்டிமீட்டர் கனம் போதும்.

*முழுக்க வறண்டிருந்தால்*

நேரம் கூடிவிட்டது. என் கணக்கு: தோசைக்கல்லை நடுத்தரத் தீயில் நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் தடவிய கறியைப் போட்டு முதல் பக்கம் ஐந்து நிமிடம், தொடாமல். திருப்பிப் போட்டு நாலு நிமிடம், மூடியோடு. அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் ஐந்து நிமிடம். அந்த மிச்சச் சூட்டிலேயே உள்ளே வெந்துவிடும். தடித்த இடத்தில் கத்தியால் கீறினால் ரோஸ் நிறம் இருக்கக் கூடாது, வடியும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். உங்கள் கல்லும் தீயும் வேறாக இருக்கும், முதல் முறை கீறிப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

*நேரம் சரி, வெட்டும்போதே சாறு பலகையில் ஓடுகிறது*

சூட்டோடு வெட்டுகிறீர்கள். பொறுங்கள். வெட்டும்போது நார் ஓடும் திசைக்குக் குறுக்கே வெட்டுங்கள்.

*எல்லாம் செய்தும் பஞ்சு மாதிரி*

இரண்டு டம்ளர் தண்ணீரில், அதாவது அரை லிட்டரில், ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு கரைத்துக் கறியை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவிட்டு, துடைத்துச் சுடுங்கள். அப்புறம் சாலட்டில் தனியாக உப்பு பாதி போதும். அதுவும் எடுபடவில்லை என்றால் தொடைக்கறிக்கு மாறிவிடுங்கள். சாலட்டுக்கு நெஞ்சுக்கறிதான் என்று எந்தச் சட்டமும் இல்லை. என்னைக் கேட்டால் ருசி தொடையில்தான். வேண்டுமானால் உணவுக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கலாம். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது, அதற்குமேல் கல்லில் ஒரு நிமிடமும் வேண்டாம்.

3. கோழி மாவு மாதிரி கொழகொழவென்று ஆகிவிட்டது

அன்னாசியோ பப்பாளியோ போட்டீர்களா? வேறு காரணம் தேடவே வேண்டாம்.

கறி வேக மாட்டேன் என்றால் அம்மா பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைக் குழம்பில் போடுவார். அதே வேலையைத்தான் பச்சை அன்னாசி இங்கே உங்களைக் கேட்காமல் செய்கிறது. தம்பி ஒருமுறை அன்னாசியும் கோழியும் கலந்து ராத்திரியே டப்பாவில் அடைத்துக் கொண்டுபோனான். மதியம் திறந்து, "அக்கா, கோழி இருக்குது, ஆனா பல்லுக்கு வேலை இல்ல" என்றான்.

சரிசெய்வது சுலபம். அன்னாசித் துண்டுகளைக் கோழி சுட்ட அதே கல்லில் போட்டு, உள்வரை சூடேறிச் சாறு கொதிக்கும்வரை மூன்று நாலு நிமிடம் வதக்குங்கள். அந்தச் சூட்டில் கறியைக் கரைக்கும் குணம் போய்விடும், ஓரமும் பொன்னிறமாகி ருசி கூடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தியது, பிரச்சினை இல்லை. பச்சையாகத்தான் வேண்டும் என்றால் தட்டில் வைத்து, சாப்பிடும் நேரத்தில் கலந்துகொள்ளுங்கள்.

4. கசக்கிறது

எல்லா வாயிலும் கசக்கிறதா, ஒரு வாயில் மட்டுமா?

ஒரு வாயில் மட்டும் என்றால் எலுமிச்சை விதை, அல்லது மாதுளை முத்தோடு வந்த மஞ்சள் தோல், அல்லது சாத்துக்குடியின் வெள்ளை நார். பொறுக்கி எறிந்துவிட்டுத் தொடருங்கள்.

எல்லா வாயிலும் என்றால் வரிசையாகப் பாருங்கள். வெள்ளரிக்காயின் காம்பு முனையைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயே வேண்டாம். முனையை வெட்டித் தேய்த்தால் கசப்பு போகும் என்று பாட்டி சொல்வார், எனக்கு அது ஒருநாளும் பலித்ததில்லை. வெள்ளரி சரி என்றால் பூண்டு. பொரித்த பூண்டு பொன்னிறம் தாண்டிக் கறுத்திருந்தால் எண்ணெய் முழுவதும் கசந்துவிடும், அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பொரியுங்கள். பூண்டு இளமஞ்சளாக மாறும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். அப்புறம் எலுமிச்சை: ஒட்டப் பிழிந்தால் தோல் கசப்பும் இறங்கும். கடைசியாக, தயிரும் பச்சை அன்னாசியும் சேர்த்தீர்களா? வைத்திருக்க வைத்திருக்கக் கசப்பு ஏறும். அதைக் காப்பாற்ற வழியில்லை.

5. பழம் கறுத்துவிட்டது

ஆப்பிளும் கொய்யாவும் நறுக்கிய கொஞ்ச நேரத்தில் நிறம் மாறும். கெட்டுப் போகவில்லை, சாப்பிடலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு அதில் ஐந்து நிமிடம் கிடத்தி வடித்துவிடுங்கள். எலுமிச்சைத் தண்ணீரும் ஆகும். அல்லது பழத்தைக் கடைசியில் நறுக்குங்கள்.

6. மாம்பழம் தோலில் மஞ்சள், வாயில் ஒன்றுமே இல்லை

உங்கள் தவறு இல்லை, பழம் செயற்கையாகப் பழுத்ததாக இருக்கலாம். மேலே பளிச்சென்று ஒரே நிறம், உள்ளே வெளிறல், கொட்டைப் பக்கம் புளிப்பு, மணமே இல்லை என்றால் இதுதான் சந்தேகம். கால்சியம் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. காம்பை மோந்து பார்த்து வாங்குங்கள். மணம் இல்லாத பழத்தை சாலட்டில் எதைப் போட்டும் எழுப்ப முடியாது. வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் மிளகாய்த்தூளும் உப்பும் தூவிக் கடற்கரை மாங்காய் மாதிரி சாப்பிட்டுவிடுங்கள், அன்றைய சாலட்டுக்குக் கொய்யா போடுங்கள்.

7. ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கிறது

கோழியை எடை போட்டுப் பாருங்கள். ஆளுக்கு எழுபது, எண்பது கிராம் போட்டுவிட்டு மீதியைப் பழத்தால் நிரப்பினால் அது நொறுக்குத் தீனி. பச்சைக் கறியாக ஆளுக்கு 150 கிராம் வேண்டும். வெந்த நெஞ்சுக்கறி 100 கிராமில் புரதம் சுமார் 30 கிராம் இருக்கிறது, வயிறு தாங்குவது அதனால்தான்.

அதற்கும் பசித்தால் வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி. சுண்டல் மீந்தால் அப்படியே போடலாம், தேங்காய் போட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. வேகவைத்த உருளைக்கிழங்கும் சேரும். எங்கள் வீட்டுக்காரர் மாதிரி மனம் சோற்றைத் தேடும் ஆள் என்றால், முதல் ஒரு மாதம் பக்கத்தில் ஒரு தோசை வையுங்கள். சண்டை போட்டு ஜெயிக்கும் விஷயம் இல்லை இது.

8. வாடை அடிக்கிறது

*சமைக்கும் முன்பே கறியில் வாடை*

கவரைத் திறந்ததும் மூக்கில் ஏறினாலோ, தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டினாலோ அதைத் தூக்கி எறியுங்கள். மஞ்சள்தூள் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கண்முன் வெட்டிக் கொடுக்கும் கடையில் வாங்கி, அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

*கறி நன்றாக இருந்தது, சாலட்டில் மீன் வாடை*

காசிமேட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஃப்ரிட்ஜில் மீன் இல்லாமல் இருக்குமா? ஞாயிறு காலை வாங்கிய சங்கரா மூடியில்லாத பாத்திரத்தில் இருக்கும், பக்கத்திலேயே நறுக்கிய ஆப்பிள். மீனை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரிட்ஜை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு துடையுங்கள். வெட்டும் பலகையையும் மோந்து பாருங்கள். மரப்பலகையில் ஏறிய மீன் வாடை போகவே போகாது, பழத்துக்கென்று வேறு பலகை வாங்கிவிடுவதுதான் வழி.

*துடைத்தும் போகவில்லை, காயும் சீக்கிரம் அழுகுகிறது*

ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. நாலு பக்கமும் இப்படிப் பாருங்கள். ரப்பரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே சில நேரம் சரியாகும். அடுத்து, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் உணவுத் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள். காலையில் 5 டிகிரிக்கு மேல் காட்டினால் குமிழைக் கூட்டி வைத்து இன்னொரு ராத்திரி பாருங்கள். அப்படியும் இறங்கவில்லை, அல்லது மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ரப்பர் மாற்றுவது சின்னச் செலவு. கேஸ் அடிக்க வேண்டும், கம்ப்ரஸர் போய்விட்டது என்றால் முதலில் மொத்தத் தொகையைக் கேளுங்கள். புது ஃப்ரிட்ஜ் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

9. சாப்பிட்ட பிறகு வயிறு கலக்குகிறது

வேடிக்கை இங்கே இல்லை. மீதி சாலட்டைத் தொடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த முறைக்காக நாலு இடத்தைப் பாருங்கள். பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகையிலேயே பழம் நறுக்கினீர்களா? நான் காயையும் பழத்தையும் முதலில் நறுக்கி எடுத்து வைத்துவிட்டுக் கடைசியில்தான் கறிக் கவரைத் திறப்பேன். குழாய்க்கு நேரே கறியைக் கழுவினீர்களா? தெறிக்கும் தண்ணீர் பக்கத்திலிருக்கும் காய் மேலேயும் விழும். கழுவாமல் மனசு கேட்காது என்றால் பாத்திரத்தில் மெல்லத் தண்ணீர் ஊற்றி அலசி வடியுங்கள். காயை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? எங்கள் தெருவில் குழாய் கலங்கி வரும் நாட்களில் காய்ச்சி ஆறிய தண்ணீரில்தான் பச்சைக் காயைக் கழுவுகிறேன். எவ்வளவு நேரம் வெளியே இருந்தது? வெந்த கோழி வெளியே இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான், நம் ஊரில் அது வருஷத்தில் பாதி நாள். தம்பி இப்போது ஐஸ் டப்பா வைத்த பையில் கோழி தனி, காய் தனி, எலுமிச்சை தனி என்று மூன்று டப்பா கொண்டுபோகிறான். ஐஸ் பை மறந்த நாளில் கேன்டீன் சாப்பாடு.

மயோனைஸ் போட்டீர்களா என்றும் கேட்பேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதே இந்த மாதிரிச் சிக்கலுக்காகத்தான். கெட்டித் தயிரில் பூண்டு எண்ணெயும் மிளகும் கலந்தால் அதே வழவழப்பு கிடைக்கும்.

இரண்டு மூன்று முறை போய்விட்டு நின்றால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம். மலத்தில் ரத்தம், 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குடித்த தண்ணீரும் தங்காமல் வாந்தி, சிறுநீர் குறைவது, தலைசுற்றல், மூன்று நாளாகியும் நிற்காத பேதி: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். சின்னக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி என்றால் இவ்வளவு காத்திருக்காமல் முதல் நாளே காட்டுங்கள். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, ராத்திரியும் அவசரப் பிரிவு உண்டு. எழுந்து நடக்க முடியாத நிலை என்றால் 108. என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை முறை போனார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.